பரணில் கிடக்கும் பாஸ் கிட்டார்

12 ஆகஸ்ட்

ஓடாமல் கிடக்கும் என் அரிசி மில்லை வாடகைக்குக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். சென்னையில் ஜாஸ் படித்தவர்களாம். ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்குப் பின்னணி வாசித்து அலுத்துப்போய், ஃபங்க்கும் ராக்கும் கலந்து இதுவரை யாரும் கேட்காத ஒன்றைச் செய்யப்போகிறார்களாம். மன்னார்குடியில்! டிரம்ஸ் பரிதி, கிட்டார் வெற்றிசெல்வன், கீபோர்டு வாசிக்கும் நாகூர்ப் பெண் நுஸைபா.

"லியாகத் அலி மக, அங்கிள். வாப்பாவும் நீங்களும் ஒரே ஆர்கெஸ்ட்ராவாமே?"

இருபத்தாறு வருடமாக நான் வாயால் சொல்லாத பெயர். அவன் இறந்து இரண்டு வருடம். நான் போகவில்லை. ஏன் சாவியைக் கொடுத்தேன்?

19 ஆகஸ்ட்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். 1998. துபாய் ஓட்டல் ஒன்றில் பாஸ் வாசிக்க ஆள் எடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவன் நான், கடைசித் தேர்வுக்குக் கூப்பிட்டது அவனை. அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் அவனுடைய கிட்டாரை எடுத்தேன். கம்பிகளைக் கழற்றி எறிந்தேன். சாக்கில் கட்டி மில் பரணில் போட்டேன். அவன் இடது கைக்காரன், வலது கைக்காரர்களான எங்கள் யாருடைய கிட்டாரும் அவனுக்கு உதவாது. தெரிந்துதான் செய்தேன். தேர்வுக்கு அவன் போகவே இல்லை, நாகூரில் ஜவுளிக்கடை வைத்தான்.

என் இடத்தை எடுத்தவன் அவன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

27 ஆகஸ்ட்

ஒருவர் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, வாசித்து நிறுத்த, அடுத்தவர் நாலு பாரில் பதில் சொல்வது ஜாஸ்காரர்களின் பழக்கம். பாஸ் வாசிக்க இவர்களிடம் ஆள் இல்லை. ஆனாலும் அந்த ஆளுக்கான நாலு பாரைக் காலியாக விடுகிறார்கள்.

"ஆள் வரும்போது இடம் இருக்கணும்ல சார்?" என்கிறான் பரிதி. கிறுக்குகள்.

3 செப்டம்பர்

மத்தியானம் ஒத்திகையின் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். காலி இடத்தில் பாஸ். மெதுவாக, அடியிலிருந்து.

"நீ வாசிச்சியாடா வெற்றி?"

"என் கையில டீ டம்ளர் இருந்துச்சுடி. மில்லு வாசிக்குது. பேண்டுல சேத்துக்குவோம்!"

நுஸைபா சிரிக்கவில்லை. நானும். மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தி விழுந்தது. எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் லியாகத்தை, அந்த மூன்றாவது அடிக்காக!

4 செப்டம்பர்

எலியாக இருக்கும்.

5 செப்டம்பர்

பரணில் ஏறினேன். சாக்கு அப்படியே. முடிச்சு நான் போட்டது. உள்ளே கிட்டார், கம்பியில்லாமல், உமித்தூசி படிந்து. விரல் படும் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

கட்டிய சாக்குக்குள் எப்படி—

11 செப்டம்பர்

இன்றைய பதிவில் அது நாலு பார் வாசித்துவிட்டு, தானும் நாலு பார் நிறுத்துகிறது. யாருடைய பதிலுக்காக?

14 செப்டம்பர்

முடியல. இறக்கிக் கொண்டுவந்து நுஸைபா முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கை அவள் தடவிப் பார்த்தாள்.

"வாப்பாவுக்குத் தெரியும், அங்கிள். 'மில் பரண்லதான் வச்சிருப்பான். நான் கேக்க மாட்டேன், அவனா தரட்டும்'னு சொல்லுவாங்க."

"தெரிஞ்சுதான் இங்க வந்தியா?"

"நானும் கேக்கலியே."

என் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருக்கலாம் அவள். கொடுக்கவில்லை. அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

26 செப்டம்பர்

புதுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நுஸைபாவே பாஸ் வாசிக்கிறாள், இடது கையால். இப்போதுதான் பேண்டு மாதிரி இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறது. பதிவில் வேறு சத்தம் எதுவும் இல்லை. மில் ஓய்ந்துவிட்டது.

2 அக்டோபர்

காலை எட்டு மணி. ஃபேன், குக்கர், தெருவில் போன டிராக்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. எண்ணினேன். நாலு பார். பிறகு தொடர்ந்தன.

மனைவி மாலதியிடம் கேட்டேன்.

"என்ன நின்னுச்சு? காப்பி ஆறுது, குடிங்க."

மறுபடி நின்றது. காத்திருப்பது போல. மேசையில் தட்டிப் பதில் சொன்னேன். மூன்றாவது அடி பிந்தி விழுந்தது.

குனிந்து பார்த்தேன். தட்டியது என் இடது கை.