சத்தமாகச் சொன்ன மன்றாட்டு

2023 ஓகஸ்ட் 22, செவ்வாய்

கிளினிக்கால் வர ஒரு மணியாயிற்று. நல்ல வெயில். பஸ் ஏறுமுன் கஜேந்தினி இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். முப்பத்தொரு வயதுப் பிள்ளை! அக்கா செத்ததிலிருந்து நான் வளர்த்த பிள்ளை. எனக்கென்று வேறு பிள்ளை இல்லை.

இன்றைக்குப் பிள்ளை தங்காமல் போடும் மூன்றாவது ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று. இதய வால்வு பழுது, இன்னொரு பிள்ளை வயிற்றில் தங்கினால் தாய் பிழைப்பது சந்தேகம் என்று இரண்டாவது சிசேரியனிலேயே டொக்டர் சொல்லிவிட்டார். மிட்வைஃப் சுல்பிகா மிஸ் அடுத்த திகதியைக் கார்ட்டில் எழுதினா. நவம்பர் 14.

"மாப்பிள்ளைக்கு இன்னும் சொல்லல்லியா புள்ள?" எண்டு கேட்டா. கஜி நிலத்தைப் பார்த்தாள். நான்தான் பதில் சொன்னேன், கேளாத கதையெல்லாம் சேர்த்து.

அவள் புருசன் வினோஜுக்குத் தெரியாது. நாள் பார்த்து விலகியிருப்பதுதான் கோயில் சொன்ன வழி, ஊசி மாத்திரை எல்லாம் பாவம் என்பான். நாள் பார்க்க இவளுக்கு மாத நாளே ஒழுங்கில்லையே!

கார்ட்டை என்னிடம் தந்தாள். திருஇருதயப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பிள்ளைகள் கிளறாத வேறு இடம் இந்த வீட்டில் இல்லை. ஆண்டவரே, உம்முடைய முதுகுக்குப் பின்னால்தான் ஒளித்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 30

வினோஜ் ஒலுவில் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்திவிட்டு வந்தான். சோறு போட்டேன். எங்கே தொடங்கியது என்று தெரியாது, மூன்றாவது பிள்ளைக் கதை வந்துவிட்டது.

"ஆண்டவர் தந்தா ஆண்டவர் பாப்பார்."

"ஆண்டவரா ஒப்பரேசன் மேசையில படுக்கிறது?" என்றாள் கஜி.

"நாங்க ஏழு பேர். சுனாமியில அஞ்சு பேரக் கடல் கொண்டுபோச்சு. என்ட அம்மா ரெண்டோட நிப்பாட்டியிருந்தா நான் பொறந்தே இரிக்க மாட்டன்."

"டொக்டர் சொன்னது?"

"தண்ணியால என்னத் தூக்கக்குள்ள நானும் பிழைக்க மாட்டன் எண்டுதான் டொக்டர் சொன்னவர்." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்கதானே மாமி கோயில் உறுதிபூசுதல் வகுப்பில படிப்பிச்ச, உயிர் வாற வழிய அடைக்கிறது பாவமெண்டு."

ஓம். நான்தான் படிப்பித்தேன். பதினைந்து வயதில் என் முன்னால் பாயில் இருந்தவன். ஒரு சொல் விடாமல் வைத்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் சொதி விடவா என்று கேட்டேன்.

ஒக்டோபர் 11, புதன்

என்ட நாக்கை அறுத்துப் போடவேணும்.

செபமாலை மாதம், வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் இன்று எங்கள் வீட்டுக்கு வரும் முறை. பதினைந்து பேர் செபமாலைக்கு வந்தார்கள். மாலையில் ஒவ்வொரு பத்து மணியும் உருட்டி முடிய ஆளுக்கொரு மன்றாட்டு. என் முறை வரவே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, "மாகிரட் அக்கா தொடங்கினா தேத்தண்ணி ஆறிப்போயிரும், இப்ப ஊத்தாதீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கண்ணை மூடினேன். நோயாளிகளுக்காகச் சொன்னேன், கடலுக்குப் போனவர்களுக்காகச் சொன்னேன். அதோடு நிப்பாட்டினால் என்ன? கஜியின் முகம் வந்தது, அழுகை வந்துவிட்டது. "ஆண்டவரே, என்ட புள்ள அந்த ஊசி போடுறது பாவமெண்டா அவள்ற தலையில வைக்காதீர். என்ட தலையில வையும்." இவ்வளவும் சத்தமாக. எனக்கு இருப்பது ஒரே பிள்ளைதான் என்று ஊருக்கே தெரியும்.

கண்ணைத் திறந்தேன். வாசலில் வினோஜ் நின்றான். ஹெல்மெட் கூடக் கழற்றவில்லை.

ஒக்டோபர் 12

"எப்ப இருந்து மாமி?" அவ்வளவுதான் கேட்டான். படத்துக்குப் பின்னாலிருந்து கார்ட்டை எடுத்துக் கொடுத்தேன். திகதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கத்தியிருந்தால் நல்லது. திருப்பி என் கையில் வைத்துவிட்டுப் போனான்.

ஒக்டோபர் 30

வினோஜ் அவளோடு கதையாமல் பத்தொன்பது நாள்.

நவம்பர் 14, செவ்வாய்

முந்தநாள் பூசை முடிய கஜி அவனிடம், இனி ஊசி போட மாட்டேன் என்று சொன்னாளாம். நேற்றிலிருந்து கதைக்கிறான். இன்று காலை பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றும்போது என்னவோ சொல்லிச் சிரித்தான், அவளும் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்புச் சத்தம்.

கார்ட் என் கையில். இன்றுதான் திகதி. புள்ள, வா போவம் எண்டு ஒரு சொல்லு. சொல்லல்ல. பேசக் கூடாத நாளில பேசினன், பேச வேண்டிய நாளில வாயப் பொத்திட்டன். நான் என்ன மனிசி?

2024 ஏப்ரல் 9

வயிற்றில் தங்கிவிட்டது. சுல்பிகா மிஸ் வந்து பார்த்தா. செருப்பைப் போடும்போது, "நீங்க இரிக்கீங்க எண்டுதான் இவ ஊசிக்கு வராம விட்டும் நான் பேசாம இருந்தன்" என்றா.

ஓகஸ்ட் 29, வியாழன்

ஏழாம் மாதம் நடக்கிறது. காலையில் கஜிக்கு மூச்சு நின்று நின்று வந்தது. பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். ஆண் பிள்ளை, என் உள்ளங்கை இரண்டும் சேர்த்த அளவு. தாங்காது, ஏதாவது செய்யிறதெண்டா இப்பவே செய்யுங்க என்றா நேர்ஸ். போத்தல் தண்ணீரில் மூன்று சொட்டு விட்டு நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். பேர்? ஒருவரும் பேர் யோசித்து வைக்கவில்லை. யோசேப்பு என்றேன். எனக்கே கேட்காத சத்தம்.

நாலு மணிக்குப் போய்விட்டான்.

கஜி மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறாள். இனிப் பிள்ளை தங்காமல் ஒப்பரேசன் செய்யத் தாள் கொண்டுவந்தார்கள். வினோஜ் வாசிக்கவில்லை. "எங்க மிஸ் வைக்கிறது?" என்று மட்டும் நேர்ஸிடம் கேட்டான். கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையைக் கொடுக்க மறந்து பிடித்துக்கொண்டே நின்றான்.

செப்டெம்பர் 20

கஜி வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டிலில் இருந்து கிணற்றடிக்குப் போக முடியாது. வால்வு மாற்றக் கொழும்புக்கு எழுதியிருக்கிறார்களாம், எப்போது என்று தெரியாது. கஞ்சி பருக்கினேன். நாலாவது கரண்டியில் கையைப் பிடித்தாள்.

"சின்னம்மா, எனக்காக இனி மன்றாட வேணாம்."

"மனசுக்குள்ளயும் வேணாமா புள்ள?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒக்டோபர் 16, புதன்

மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கஜி அறைக்குள், கதவு பாதி திறந்தபடி. என் முறை வந்தது. எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. ஸ்டெல்லா ஒருக்கால் இருமினாள். வாசலில் நின்ற வினோஜ்தான், "அருள் நிறைந்த மரியே" என்று அடுத்த பத்தைத் தொடங்கினான்.

இன்றைக்கு எல்லோரும் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்துவிட்டுப் போனார்கள்.