கும்பினிக் காலத்துச் சட்டங்களை வாய்விட்டு வாசிக்க

அனுப்புநர்:
இ. செல்லபாய்,
ஓய்வு பெற்ற அச்சக ஊழியர்,
கரமனை, திருவனந்தபுரம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சாம்பசிவையர் நினைவுச் சட்ட நூலகம்,
வஞ்சியூர், திருவனந்தபுரம்.

பொருள்: கிழக்கிந்தியக் கும்பினிக் காலச் சட்டத் தொகுதியைப் பார்வை இழந்த வாசகர் திரு. நீலகண்டன் அவர்களுக்கு நான் வாய்விட்டு வாசிப்பதைக் கண்காணிப்பாளர் தடுத்தது – அனுமதி கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தமிழில் எழுதுகிறேன். மலையாளம் எனக்குப் பேச வரும், சண்டை போடவும் வரும். மனு எழுதத் தமிழ்தான் வரும். அரசியலமைப்பு அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இதை மொழிபெயர்க்கப் போகிற அலுவலர் யாராக இருந்தாலும், நீளம் என்று எதையும் சுருக்கிவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. நானும் நீலகண்டன் சாரும் கிழக்கேகோட்டையில் இருந்த மரகதம் அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் பிழை திருத்துபவர், நான் காப்பிஹோல்டர். மூலப்பிரதியை நான் உரக்க வாசிப்பேன். அவர் எதிரே உட்கார்ந்து, அச்சான தாளில் அதைச் சரிபார்ப்பார். சொற்களை மட்டும் வாசித்தால் போதாது. கமா, செமிகோலன், பெரிய எழுத்து, புதிய பத்தி என்று அத்தனையையும் வாயால் சொல்ல வேண்டும். வெளியாள் கேட்டால் சிரிப்பார்.

3. 1982ஆம் ஆண்டு அச்சகம் ஒரு பெரிய வேலையை எடுத்தது. 1830களிலும் அதையொட்டியும் கும்பினி அரசு இயற்றிய சட்டங்களின் மறுபதிப்பு. வங்காள வங்கியின் பங்குகள், சாலைச் சுங்கம், பாலங்கள், உரிமையியல் நீதிமன்றங்கள் என்று எல்லாம் ஆங்கிலத்தில். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. பாறசாலையிலிருந்து காலை ரயிலில் தம்பானூர் வந்து இறங்குவேன். அந்தச் சட்டங்களில் ஒரு வாக்கியம் தொடங்கினால் ஒரு பக்கம் தாண்டித்தான் முடியும். நடுவில் மூச்சு வாங்க இடமிருக்காது. மூச்சு முட்டுகிற இடம் சாருக்கு எப்படித் தெரியுமோ, பென்சிலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். நான் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன். மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. வேலை நேரத்தில் வேறு பேச்சுக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. ஆகவே அவரும் நானும் பேசிக்கொண்டது முழுவதும் வங்கி, பாலம், சுங்கம், வழக்கு இவற்றைப் பற்றித்தான்.

4. உரிமையியல் பகுதியில் ஒரு விதி வரும். தன் உரிமையைக் குறித்த காலத்துக்குள் கேட்காதவர் பிறகு கேட்க முடியாது. ஆனால் தக்க காரணம் காட்டினால் காலம் கடந்தும் கேட்கலாம். அந்த இடத்தை மட்டும் சார் என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அச்சில் பிழை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். பிழை ஒன்றுமில்லை என்று சொல்லித் தாளைத் திருப்பினார்.

5. புத்தகம் வெளிவந்தது. அச்சகமும் பின்னாளில் மூடப்பட்டது. சாரிடம் இருந்த பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. எங்களுக்குத் தெரிந்து மிச்சமிருப்பது தங்கள் நூலகத்தில் உள்ள ஒன்றுதான். சாரின் மனைவி சீதாலக்ஷ்மி அம்மாள் நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அதன்பின் சர்க்கரை நோய் சாரின் கண்களைக் கொண்டுபோய்விட்டது. இப்போது கழக்கூட்டத்தில் மகள் ஜானவியின் ஃபிளாட்டில் இருக்கிறார். அந்தப் புத்தகத்தை மறுபடி ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும் என்று சார் ஆசைப்படுவதாக ஜானவிதான் என்னைத் தேடிப்பிடித்துச் சொன்னார். கடந்த ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமைதோறும் தங்கள் நூலகத்தின் மூலை மேசையில், தாழ்ந்த குரலில், வாசித்து வந்தோம். சாருக்குப் பென்சில் தேவையில்லை, ஆனாலும் கொண்டுவருவார்.

6. அக்டோபரில் புதிய கண்காணிப்பாளராகத் திரு. விஜய்குமார் வந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான். நேராக மேசைக்கு வந்து, "அம்மச்சி, இது பாட்டு கிளாஸ் இல்ல, லைப்ரரியாக்கும். சத்தம் போடப்பிடாது" என்றார். நியாயம்தான். பயன்படாமல் கிடக்கும் பழைய கேட்லாக் அறையில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றேன். உடனே விதிப்புத்தகத்தை எடுத்துவந்தார். கண் தெரியாதவருக்கு வாசகர் அட்டை எதற்கு என்று சாரின் அட்டையை ரத்து செய்து கடிதம் வந்தது. மாற்றுத்திறனாளி வாசகர் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று அதே விதிப்புத்தகத்தில் இருப்பதை நான் காட்டினேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். உதவியாளர் கணவன், மனைவி, மகன், மகள் இவர்களில் ஒருவராக இருக்க வேண்டுமாம். "நீங்க இவருக்கு ஆரு?" என்று கேட்டார். நான் காப்பிஹோல்டர் என்றேன். அப்படி ஓர் உறவு பட்டியலில் இல்லை என்றார்.

7. இந்தச் சட்டங்கள் செத்து எத்தனையோ காலமாகிறது, திருவிதாங்கூரில் அவை ஒருநாளும் செல்லுபடியாகவே இல்லை, இவை எதற்கு உங்களுக்கு என்றும் அவர் கேட்டார். ஐயா, செல்லுபடியாகும் சட்டங்களை மட்டும்தான் வாசிக்கலாம் என்றால் தங்கள் நூலகத்தில் பாதியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். மகள் வாசிக்கலாமே என்பார்கள். ஜானவி ஒருநாள் லீவு போட்டு வந்து வாசித்தார். நல்ல ஆங்கிலம், தண்ணீர் போல ஓடியது. "நன்னா வாசிச்சே கொழந்தே" என்றார் சார். வீடு போய்ச் சேர்ந்ததும், செல்லபாய் என்றைக்கு வருவாள் என்று கேட்டிருக்கிறார். இணையத்தில் இச்சட்டங்களின் வேறு ஒரு பதிப்பைக் கண்டுபிடித்துப் போனை வாசிக்க வைத்தும் பார்த்தார்கள். அது மூச்சே விடாமல் வாசித்ததாம். அணைக்கச் சொல்லிவிட்டார்.

8. புத்தகத்தைப் படமெடுத்து வீட்டில் வைத்து வாசித்தால் என்ன என்றும் கேட்டார்கள். அந்த வீட்டில் நான் விருந்தாளி. மரியாதையாகக் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். தங்கள் மேசையில் நான் வேலைக்கு வந்தவள். நேரம் முடியும்வரை உட்காரலாம்.

9. கடைசியாகத் திரு. விஜய்குமார், எரிச்சலில்தான், "செரி, அப்பிடின்னா கல்யாண சர்ட்டிபிகேட் கொண்டுவாருங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டார். சுற்றி இருந்த வக்கீல் பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது, "அதுக்கென்ன, ரூல் கேட்டாக் குடுத்துட்டுப் போறது. உனக்கு ஆட்சேபணை உண்டோ?" என்று கேட்டார். ஆட்சேபணை இல்லை என்றேன். நவம்பர் நான்காம் தேதி ஜானவியே காரில் அழைத்துப்போய், திருமணப் பதிவு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் நோட்டீஸ் கொடுத்தோம். எங்கள் பெயர்கள் அங்கே பலகையில் தொங்குகின்றன. முப்பது நாள் கழிந்தால்தான் பதிவு செய்வார்கள். இதற்கிடையில், "இயக்குநருக்கும் ஒரு மனு போட்டு வை. எது முந்தறதோ பார்ப்போம்" என்று சார் சொன்னதன்பேரில் இதை எழுதுகிறேன்.

10. ஆகவே, நீலகண்டன் சாரின் வாசகர் அட்டையைத் திரும்பத் தரவும், கேட்லாக் அறையில் செவ்வாய்தோறும் நாங்கள் வாசிக்க இடமளிக்கவும், உதவியாளரின் உறவு என்ற இடத்தில் எங்கள் தொழில் உறவை ஏற்றுக்கொள்ளவும் உத்தரவிடக் கோருகிறேன். வாசிக்காத செவ்வாய்க்கிழமைகளில் சார் காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று ஜானவி சொல்கிறார். எனக்கும் அன்றைக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

11. மனுவை எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். பத்தாவது பத்தி வரை கமா, முற்றுப்புள்ளியோடு வாசித்துக் காட்டிவிட்டேன். சரி என்றார். காப்பிஹோல்டர் ஒரு வரியைக்கூட விட்டு வாசிக்கக் கூடாது. நாற்பது ஆண்டுகளில் நான் விட்டதில்லை. இந்தப் பத்தியை மட்டும் அவருக்கு வாசிக்கப் போவதில்லை.

ஐயா, 1985இல் சாருக்குக் கல்யாணம் ஆனது. எங்களை யாரும் தடுக்கவில்லை. நாங்கள் யாரிடமும் கேட்கவே இல்லை. அவர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பிள்ளை, நான் கிறிஸ்தவ சபைக்காரி. கேட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். சீதாலக்ஷ்மி அம்மாள் நல்ல மனுஷி; அவர் இருந்தவரை அந்த வீட்டுப் பக்கம் நான் போனதில்லை. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்று சொல்லிவந்தேன். அந்த மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரை நினைக்காமல் ஒரு நாளும் எனக்கு விடிந்ததில்லை. இப்போதும் அப்படித்தான். சாருக்கு வேண்டியது நானா, அந்தப் புத்தகமா என்று எனக்குத் தெரியாது. இந்த வயதில் கேட்கத் தைரியமும் இல்லை. தங்கள் அனுமதி முதலில் வந்துவிட்டால், இனி ரூலுக்காகக் கல்யாணம் தேவையில்லையே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயப்படுகிறேன். அரசு அலுவலகங்களில் மனுக்கள் தாமதமாவதைப் பற்றி ஊரே குறை சொல்கிறது. நான் சொல்ல மாட்டேன். தயவுசெய்து இந்த மனுவை டிசம்பர் ஐந்தாம் தேதிவரை மேசையிலேயே வைத்திருங்கள், ஐயா.

அந்தத் தயவை எதிர்பார்த்திருக்கும்,

இ. செல்லபாய்

இடம்: கரமனை, திருவனந்தபுரம்
நாள்: 11.11.2024