அந்தோணிமேரி பார்த்த வளையம்

கொண்டப்பநாயக்கன்பட்டி,
கிறிஸ்து அரசர் ஞாயிறு, நவம்பர் 2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

அண்ணன் வின்சென்ட் எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம். அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்கிவிடும். அதன்பின் கிறிஸ்துமஸ் வரை உங்கள் மடத்தில் கடிதம்கூட உள்ளே வராது என்பதால் அவசரமாக உட்கார்ந்திருக்கிறேன். போன் கிடையாது, வந்து பார்த்தாலும் நடுவில் கம்பி, இதில் கடிதத்துக்கும் நோன்பு. நீயே விரும்பிப் போன வாழ்க்கை, நான் குறை சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். ஏற்காட்டு மலையில் நல்ல மழை. கடையில் பைக் சீட் தைக்கும் வேலை குறைவில்லாமல் வருகிறது. மழையில் நனைந்த சீட்டெல்லாம் கார்த்திகையில்தான் கிழியும்.

உன் அண்ணிக்குப் பணி ஓய்வு விழாவில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தாய். எல்லோருக்கும் மோதிரம் போடுவார்கள். அந்தோணிமேரிக்கு டெலஸ்கோப் கொடுத்திருக்கிறார்கள். அவள் சனிக்கோள் பாடம் நடத்துவது பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். போர்டில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிச் சாய்வாக ஒரு வளையத்தை ஒரே இழுப்பில் போடுவாள். முப்பது வருஷமாக வரைந்ததை ஒருநாளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். பக்கத்து வீட்டு சௌந்திரம் அக்கா மட்டும், சனி தானாக வந்து பிடிப்பார், நீங்கள் மாடி ஏறித் தேடுகிறீர்களே என்று சிரிக்கிறார்.

ஆனால் பார்க்க முடியவில்லை ஹெலன். குழாயில் கண் வைக்கும் முனையில் சின்னதாக ஒரு லென்ஸ் கூடு செருக வேண்டும், அதற்கு ஐபீஸ் என்று பெயர். கூடவே கொடுத்த ஐபீஸில் துவாரம் மிளகு அளவுதான். கண்ணை அதன்மேல் ஒட்டி வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கண் அவ்வளவு கிட்டே போகாது. உன் அண்ணிக்குத் தெரிவதெல்லாம் சுற்றிலும் கறுப்பு, நடுவில் சாவித் துவாரம் அளவு வெளிச்சம். நிலாவைக்கூடத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறாள். கண்ணாடியைக் கழற்றினால் அவளுக்குச் சிலிண்டர் பவர் இருப்பதால் எல்லாம் இழுபட்டுக் கலங்குகிறது.

நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் சந்திரசேகர் சாரைப் போனில் பிடித்தேன். வானம் பார்ப்பதில் அவருக்குப் பைத்தியம். வெறும் கிட்டப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம், சிலிண்டர் இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும் என்றார். அதற்குக் கண் ஒரு விரல் தடிமனாவது தள்ளி நின்றாலும் முழு வட்டம் காட்டுகிற ஐபீஸ் வேண்டுமாம். விலை உயர்ந்ததெல்லாம் வேண்டாம், எளிய வகையிலேயே பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். இந்த வருஷம் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறதாம். தட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் கோடாகத் தெரியுமே, அப்படி. அடுத்த வருஷக் கடைசியில்தான் கொஞ்சம் விரியுமாம். இதை அந்தோணிமேரியிடம் நான் சொல்லவில்லை. முதலில் லென்ஸ் வரட்டும்.

அவள் இப்போது கொஞ்சம் கவனக்குறைவாக இருக்கிறாள். ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றுகிறாள், கேட்டில் தோளை இடித்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாமல் டீச்சருக்கு வழி மறந்துவிட்டது என்று நான் கேலி செய்கிறேன். அவளும் சிரிக்கிறாள். அவளுக்காக வேண்டிக்கொள்.

உன் அண்ணன்,
வின்சென்ட்


கொண்டப்பநாயக்கன்பட்டி,
மூன்று அரசர்கள் திருநாள், ஜனவரி 2026

அன்புள்ள ஹெலனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய வாழ்த்தும் புனித லூசியம்மாள் படமும் வந்தன. கண் நோய்க்குப் பாதுகாவலி என்று பின்னால் எழுதியிருந்தாய். டெலஸ்கோப்புக்காக விளையாட்டாய் அனுப்பினாயா, இல்லை உனக்கு ஏதாவது தோன்றியதா என்று தெரியவில்லை. கண் இரண்டையும் தட்டில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணி அதை டெலஸ்கோப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

குடில் கட்டினோம். நட்சத்திரத்தை இந்த முறை நான்தான் கட்டினேன்.

ஐபீஸ் டிசம்பரில் வந்தது. சந்திரசேகர் சார் சொன்னபடி முதலில் உருவத்தை அதிகம் பெரிதாக்காத வகையில் ஒன்று வாங்கினேன். அந்த வகையில்தான் கண்ணைத் தள்ளி வைத்துப் பார்க்கலாமாம். அதைச் செருகி என் கண்ணாடியோடு பார்த்தேன், வட்டம் முழுதாகத் தெரிந்தது. ஆனால் சனி கடுகளவு. பிறகு, உருவத்தை இரண்டு மடங்காக்கும் ஒரு லென்ஸைக் குழாய்க்கும் ஐபீஸுக்கும் நடுவில் போடச் சொன்னார். அதைப் போட்டால் உருவம் பெரிதாகும், கண்ணைத் தள்ளி வைக்கும் தூரமும் குறையாது. கண்ணாடி போட்டவர்களுக்கு அதிகச் செலவில்லாத வழி இதுதானாம். மூக்குக்கண்ணாடி கீறக் கூடாது என்று ஐபீஸின் ரப்பர் விளிம்பை மடித்துவிட்டு, மேலே மெல்லிய ரெக்ஸின் வளையம் ஒன்று தைத்து மாட்டினேன். இவ்வளவு சின்ன சீட்டை என் ஆயுளில் தைத்ததில்லை.

அன்று சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் மாடிக்குப் போனோம். நான் முதலில் பார்த்தேன். மஞ்சள் மணி ஒன்று, அதன் குறுக்கே ஊசி போட்டதுபோல ஒரு கோடு. சார் சொன்னது சரிதான். கோடுதான் என்றாலும் எனக்கு மெய் சிலிர்த்தது. அவளைப் பார்க்கச் சொன்னேன். அதே கறுப்பு, அதே சாவித் துவாரம் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது ஹெலன். தலையை ஆட்டாமல் பார், முப்பது வருஷம் பிள்ளைகளை அசையாமல் உட்காரச் சொன்னவளுக்கு இது தெரியாதா என்று கத்தினேன். அவள் அசையாமல்தான் இருந்தாள். பிறகு சமாதானமாகட்டும் என்று காப்பி எடுத்து வந்து அவள் இடது பக்கம் நின்று நீட்டினேன். அவள் திரும்பவே இல்லை. டம்ளரை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். கன்னத்தில் சூடு பட்ட பிறகுதான் திடுக்கிட்டாள்.

மறுநாளே சேலத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடும் நோயாம். வலிக்காதாம், சிவக்காதாம், வருஷக்கணக்கில் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். இடது கண்ணின் நரம்பு முடிந்துவிட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடலாம், அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது என்றார். நான் லென்ஸில் தேடிய சாவித் துவாரம் அவள் கண்ணிலேயே இருந்திருக்கிறது.

மழைக்காலத்திலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வரும் வழியில் அஸ்தம்பட்டி தாண்டியதும், அந்த வளையம் விரிய எவ்வளவு நாளாகும் என்று கேட்பாளோ என்று பயந்தேன். அவளுக்குத்தான் அந்த விஷயமே தெரியாதே. இன்று மேகம் இல்லை, சாயங்காலம் பார்க்கலாமா என்றுதான் கேட்டாள்.

நன்மைத்தனம் நிறைந்த கடவுள் என்று பாட்டில் பாடுகிறோம். உன்னிடம் சண்டை போடவில்லை. உனக்குப் பக்கத்தில்தானே இருக்கிறார், நீ கேட்டுச் சொல்.

வின்சென்ட்


கொண்டப்பநாயக்கன்பட்டி,
விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு, பிப்ரவரி 2026

அன்புள்ள ஹெலன்,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். நவநாள் ஜெபம் செய்வதாக எழுதியிருந்தாய். செய். புதுமை நடக்கும், பார்வை திரும்பும் என்று மட்டும் இனி எழுதாதே. அவள் அதைக் கேட்டுவிட்டு எனக்காகத் தலையாட்டுகிறாள். அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியவில்லை.

சொட்டு மருந்து விடுகிறோம். போன மாதம் மறுபடி பார்த்தார்கள். வலது கண்ணிலும் இன்னும் குறைந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் இருப்பது அப்படியே நிற்கும் என்று உறுதி சொல்ல மாட்டார்களாம். கோயம்புத்தூரிலும் போய்க் கேட்டோம். அதே வார்த்தையை இன்னும் மரியாதையாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் அவள் சுவரைத் தடவாமல் நடக்கிறாள், அது நான் பார்க்கும்போது மட்டும். கடையிலிருந்து சத்தமில்லாமல் வந்தால் தடவிக்கொண்டிருக்கிறாள். அதனால் இப்போதெல்லாம் வாசலிலேயே இருமிவிட்டு வருகிறேன்.

சனி இப்போது மேற்கே இறங்கிவிட்டது. இன்னும் சில வாரத்தில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடுமாம். திரும்பி வந்து, வளையம் விரிந்து, சாயங்காலத்தில் பார்க்கக் கிடைக்க இந்த வருஷக் கடைசி ஆகும் என்கிறார் சந்திரசேகர் சார். புதிதாக ஒரு ஐபீஸ் வந்திருக்கிறது, கண்ணாடி போட்டவர்களுக்கென்றே செய்தது என்றும் சொன்னார். நல்ல மனிதர், அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சரி சார், யோசிக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவளைக் கைபிடித்து மாடிக்குக் கூட்டிப்போனேன். வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. சனியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். மணியும் ஊசியும் அப்படியே இருந்தன. ஸ்டூலில் உட்கார வைத்து, வலது கண்ணைச் சரியாகத் துவாரத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். சனி நகர்ந்துகொண்டே இருக்கும், குழாய் தானாகத் திரும்பாது, அதனால் நடுநடுவே நான் பார்த்துத் திருத்தினேன். மறுபடி அவள், மறுபடி நான்.

பிறகு சொன்னாள். “தெரியுதுங்க. சாய்ஞ்சாப்புல சுத்தி வளையம் நல்லா அகலமா இருக்குது. நான் போர்டுல போடுவேனே, அதே மாதிரி.”

ஹெலன், இந்த வருஷம் அப்படி ஒரு வளையம் வானத்தில் இல்லை. உலகத்தில் யார் பார்த்தாலும் ஒரு கோடுதான். அதை நான் அவளிடம் சொல்லாமல் விட்டதால்தான் அவளுக்கு இப்படிச் சொல்ல முடிந்தது. எத்தனை மாதமாக லென்ஸுக்காக அலைகிறார், இவர் வீணாக அலைந்ததாக ஆகக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஆமாம் டீச்சர், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது என்றேன். ரெக்ஸின் வளையம் தைத்தது நல்லதாகப் போயிற்று, கண்ணாடிக்கு மெத்தென்று இருக்கிறது என்றாள். கீழே இறங்கும்போது படியை ஒவ்வொன்றாக நான் சொன்னேன், அவள் கால் வைத்தாள். அன்று ராத்திரி டெலஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துவிட்டேன். லூசியம்மாளும் உள்ளேதான் இருக்கிறாள்.

சௌந்திரம் அக்காவிடமும் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கும் போன் போட்டுச் சொன்னாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

இதே உறையில் அவள் தன் கையால் உனக்கு எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. நான் எழுதித் தருகிறேன் என்றேன், விடவில்லை. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், பொறுமையாகப் படி. கீழே அவள் பார்த்த சனியை வரைந்திருக்கிறாள். வட்டத்தைப் போட்டாள், பழக்கம் மாறாமல் வளையத்தையும் ஒரே இழுப்பில் போட்டாள். வளையம் வட்டத்தின்மேல் விழவில்லை, பக்கத்தில் தனியாக விழுந்திருக்கிறது. நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

தவக்காலம் முடிந்து பாஸ்கா வரும்வரை உன்னிடமிருந்து கடிதம் வராது என்று தெரியும். அதற்குள் இங்கே என்ன மிச்சமிருக்கும் என்று தெரியவில்லை. பாஸ்கா கழித்து நீ எழுதும்போது படம் அழகாக இருக்கிறது, பார்த்தேன், சந்தோஷம் என்று எழுது. அது பொய் என்றால் பாவத்தை என் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல். எனக்கென்று ஆறுதலாக ஒரு வரிகூட எழுதிவிடாதே தங்கச்சி. உன் கடிதத்தை நான்தான் அவளுக்குச் சத்தமாக வாசிப்பேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். எங்களையும் பார்க்கச் சொல்.

உன் அண்ணன்,
வின்சென்ட்