எந்த ஆமா?

நுனா தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு.

என் கல்மெட்டுக்கு,

உன் லெய்சோங்கி உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. உன் அம்மாவும் நலம், ஊரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மலை மேலிருந்த போன் கோபுரத்தைப் புயல் சாய்த்துவிட்டது, அதனால்தான் என் குரல் வரவில்லை. பழத்தோட்டத்தில் ஏணி மேல் நின்றுகொண்டு நீ என்னென்ன நினைத்துப் பயந்தாயோ! சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாம் வாடகைக்கு விடும் அறையில் தங்கியிருந்த கிர்ஸ்டன் அம்மாள் நாளைக் காலை நிவாரணக் கப்பலில் கிளம்புகிறார். பிரிஸ்பேன் வழியாகத்தான் ஊருக்குப் போகிறார். இதை அங்கே, நீ வேலை செய்யும் நாட்டிலேயே, தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

புயலுக்கு முன்னால் நீ போனில் ஒன்று கேட்டாய். நானும் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கிர்ஸ்டன் கதையைச் சொல்லாமல் அது உனக்குப் புரியாது.

அவர் டென்மார்க்கிலிருந்து தனியாக வந்தவர். ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நம் பாஷையைத் தப்புத்தப்பாகப் பேசுவார், கொஞ்சமும் வெட்கப்பட மாட்டார். மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே, "கிளம்பிடுங்க மிசிஸ், வீலா டவுன்ல கெட்டியான கட்டடம் இருக்கு, இங்க என்ன இருக்கு" என்று சொன்னேன். "புயல் எங்கயோ தூரத்துலதானே இருக்கு, போயிடும்" என்று சிரித்தார். மறுநாள் விடிந்தால் சிவப்பு எச்சரிக்கை. ரேடியோவில் சொன்ன கட்டத்தைப் புயல் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், என் விரல் நம் தீவின் மேலேயே நின்றது.

அப்போது நான் கூரை மேல் இருந்தேன். அது காற்றில் பறக்காமல் நீ இருந்தால் நீ கட்டுவாய், இல்லாததால் நான் கட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றின் ஒரு முனை என் பல்லில். கீழே நின்று கிர்ஸ்டன், "இன்னைக்குப் படகு வராதா?" என்று கேட்டார். நம் ஊர் வழக்கப்படி, ஆமாம் என்று புருவத்தைத் தூக்கினேன். அவருக்குப் புரியவில்லை, திரும்பவும் கேட்டார். கயிற்றை எடுத்துவிட்டு "ஆமா" என்றேன். ஆமாம், வராது. வேறென்ன? சிவப்பு எச்சரிக்கையில் எந்தக் கிறுக்கன் படகை எடுப்பான்? ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அடுத்த முடிச்சைப் போட்டேன்.

ஊர் முழுக்கப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. உன் அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு, கிர்ஸ்டனை அழைத்துப்போகத் திரும்பி வந்தேன். அறை கூட்டிப் பெருக்கியிருந்தது. போர்வை மடித்திருந்தது. தலையணை மேல் எனக்காக ஒரு சாக்லேட். கிளம்பிவிட்டார்! பள்ளிக்கூடத்துக்கே திரும்ப ஓடினேன்.

படகுக்கார மானசே பள்ளிக்கூட ஜன்னலை ஆணியடித்துக்கொண்டிருந்தான். "படகுத் துறைக்குத்தான் போயிருப்பா. நீ எங்கடி ஓடுற? அந்த வெள்ளைக்காரிக்கு ஹெலிகாப்டர் வரும். உனக்கு யாரு வருவா?" என்றான். சொன்னவன் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது, கல்மெட். "யாரும் வராட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நான் போறேன்" என்று கத்திவிட்டு ஓடினேன்.

துறையில் அந்தத் தகரக் கொட்டகைக்குக் கீழே, பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். கடல் கொட்டகைக் கால்வரை வந்து போகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து கை ஆட்டி, "வழியனுப்பவா வந்தீங்க? என்ன நல்ல மனசு!" என்கிறார். எனக்குச் சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை. "படகு வராது மிசிஸ்!" என்று கத்தினேன். "நீங்கதானே ஆமான்னீங்க?" என்றார். "வராதான்னு கேட்டீங்க, ஆமான்னேன்!" என்றேன். அவர் முழித்துக்கொண்டு நிற்கும்போதே தலைக்கு மேலிருந்த தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. பெட்டியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

கரைப் பாதையை அலை விழுங்கிவிட்டது. ஊருக்குத் திரும்ப முடியாது. மேட்டில் நம் தோட்டம் மட்டும்தான். நீ போவதற்கு முன் கட்டிய கிழங்குக் குடிலுக்குள் தவழ்ந்து நுழைந்தோம். கூரை தரையைத் தொடுகிறதே, கோழிக்குக் கட்டினியா மனுஷனுக்குக் கட்டினியா என்று உன்னை எத்தனை தரம் கேலி செய்திருப்பேன்! கேலியையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பகலே இருண்டுபோய்ப் பக்கத்துத் தோட்டத்து மரங்கள் முறிந்து விழுந்தன, உன் குடிலைக் காற்று தாண்டித் தாண்டிப் போனது.

நாங்கள் கையை விடவே இல்லை. "எங்க ஊர்ல வராதுன்னா இல்லைன்னு சொல்வாங்க. ஆமான்னா வரும்னு அர்த்தம்" என்று விளக்கினார். ஒரு வார்த்தைக்காகச் சாக இருந்தோமே என்று இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். பிறகு அவர், "உங்க வீட்டுக்காரர் இப்போதைக்கு வரமாட்டாரா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவர் என் கையை அழுத்தி, "இது எந்த ஆமா?" என்று கேட்டார். கல்மெட், நீ போனதிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அந்த இருட்டில் அழுதேன்.

இரண்டு அறைகளின் கூரையும் போய்விட்டது. நான் போட்ட முடிச்சுகள் நின்றன, உத்தரம்தான் நிற்கவில்லை. வாழை மொத்தமும் படுத்துவிட்டது. கிர்ஸ்டன் எங்களோடு சேர்ந்து மரவள்ளி தோண்டினார். இப்போதெல்லாம் "தண்ணி இருக்கா? மழை வருமா?" என்று எதையும் நேராகத்தான் கேட்கிறார், ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. மானசே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு கட்டு ஓலை கொண்டுவந்து வைத்தான். வாங்கிக்கொண்டேன், இன்னும் பேசவில்லை.

இனி உன் கேள்வி. "இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. உனக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று கேட்டாய். நான் "ஆமா" என்றேன். நீ அதை நம் ஊர் ஆமாவாக, கஷ்டமில்லை என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாய். நீ வெள்ளைக்காரர்களோடு வேலை செய்கிறவன், அவர்கள் ஆமாவும் உனக்குப் பழகியிருக்கும். நான் சொன்னதை அவர்கள் வழக்கப்படி எடுத்துக்கொள்.

ஏணியில் பார்த்து ஏறு. வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. கர்த்தர் உன் காலடியைக் காக்கட்டும்.

இந்த வருஷம் வருவாயா? பார், நேராகத்தான் கேட்டிருக்கிறேன்.

உன் குடிலில் பிழைத்துக் கிடக்கும்,
லெய்சோங்கி