நடுரோட்டில் திறக்கும் கதவு

மார்ச் 4
பெரிய நாடு இனாமாகக் கொடுத்த பன்னிரண்டு பஸ்களும் டிப்போவுக்கு வந்துவிட்டன. பளபளக்கின்றன. சீட்டெல்லாம் மெத்தை. நமக்காக ஸ்டீயரிங்கைக்கூட மாற்றியிருக்கிறார்கள். கதவை மறந்துவிட்டார்கள்! நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், கதவு வலப்பக்கம். இறங்குகிறவன் நேராக லாரிக்கு வணக்கம் சொல்ல வேண்டியதுதான்.

மேனேஜரிடம் சொன்னேன். "ஓசியில வந்ததுக்கு நொட்டை சொல்லாதீங்க தம்பி. ஓடத் தகுதின்னு கையெழுத்துப் போடுங்க."

போடவில்லை.

மார்ச் 6
இடப்பக்கம் வெட்டிக் கதவு வைக்கிறேன் என்றேன். கூடாதாம். அங்கே அவர்கள் கொடி வரைந்திருக்கிறது. ஒப்பந்தப்படி அதைத் தொடக் கூடாது. அமைச்சகத்திலிருந்து போன்: அடுத்த மாதம் உலக சபையில் ஓட்டெடுப்பு, நம் ஓட்டு அவர்களுக்கு என்று வாக்குக் கொடுத்தாயிற்று, இந்த நேரத்தில் கதவு கிதவு என்று கிளப்பாதே, வேலை வேண்டுமா வேண்டாமா?

ஓட்டுக்கும் கதவுக்கும் என்னய்யா சம்பந்தம்? — இருக்கிறது. அதுதான் எரிகிறது.

மார்ச் 7
அக்கா எங்கள் டிப்போவில்தான் கண்டக்டர். முதல் பஸ் அவளுக்கு. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்ன இன்ஜினியரே, கையெழுத்துப் போட்டு அக்காவ ஒரேயடியா அனுப்பி வைக்கப்போறியா?" அவள் சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவ எழுந்துவிட்டேன்.

மார்ச் 10
தொடக்க விழா. ரிப்பன், கேமரா, தூதரே நேரில். எல்லார் முன்னாலும் பேனாவை நீட்டினார்கள். என் வாய் சும்மா இருக்குமா? தூதரைப் பார்த்துச் சொன்னேன்: "ஆஸ்பத்திரி ஸ்டாப்ல நீங்க முதல்ல இறங்குங்க சார். நல்லபடியா இறங்கிட்டா அங்கேயே போடறேன்." மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மொழிபெயர்ப்பாளர் எதைச் சொல்லித் தொலைத்தாரோ, தூதர் குஷியாக ஏறிக்கொண்டார்.

ஸ்டாப் வந்தது. கதவு திறந்தது. ஒரு காலைத்தான் நீட்டினார் — தண்ணீர் லாரி ஒன்று அலறிக்கொண்டு உரசிப் போனது. அக்கா முன்னமே அவர் கோட்டைப் பிடித்து வைத்திருந்தாள், ஒரே இழுப்பு. "அவசரப்படாதீங்க சார், பின்னாலயே இன்னும் ரெண்டு வருது."

பஸ்ஸே சிரித்தது. மூச்சு வந்ததும் தூதரும் சிரித்துவிட்டார்.

மார்ச் 11
வெட்டலாமாம்! ஆனால் கொடி? அடைக்கப்போகும் பழைய கதவின் மேல் வரைந்துகொள்ளுங்கள் என்றேன். இன்னும் பெரிதாக வரையலாமா என்று கேட்டு தூதரகத்திலிருந்து ஆள் வந்தார்.

"தாராளமா. அந்தப் பக்கம் இனி யாரும் இறங்கப்போறதில்ல."

மார்ச் 19
நாள் முழுக்க வெல்டிங். கண் எரிகிறது. பரம ஆனந்தம்.

ஏப்ரல் 15
ஓட்டெடுப்பு முடிந்தது. அவர்கள் சொன்ன பக்கமே கையைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறார்கள் நம்மவர்கள். அதை வெட்டித் திருப்ப எங்கள் டிப்போவில் கருவி இல்லை. இன்னும் இல்லை.

சாயங்காலம் அக்காவின் பஸ்ஸில் போனேன். தம்பியென்றும் பார்க்காமல் டிக்கெட் கிழித்தாள். கால் வைக்க இடமில்லை, ஒரே கும்மாளம். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நடைபாதையில் இறங்கி, மருந்துக்கடை தாண்டி, நாலு கடை போன பிறகுதான் உறைத்தது — கதவைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.