பிணமாகப் படுக்க ஆள் இல்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே அனல். பத்து மணிக்குக் கரண்ட் போனது. விசிறிமட்டை கையில், தலைவர் கோவிந்தராஜ் போனில்.

எங்கள் குடும்ப நட்புக் கழகத்தில் ஜோடியாகத்தான் உறுப்பினர். என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம். அதிலிருந்து நான் ‘கெஸ்ட்’. ஞாயிறு கூட்டத்தில் என்னைத் தனியாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன், சனிக்கிழமை நிகழ்ச்சி என் பொறுப்பு. நல்லபடியாக நடந்தால் எனக்கு நல்லது என்கிறார். பரீட்சைதான்.

மகள் சிங்கப்பூரில் ஆடிய விளையாட்டைச் சொன்னேன். ஒருத்தர் செத்துக் கிடப்பார், மற்றவர்களில் யார் கொலைகாரர் என்று எல்லாரும் கண்டுபிடிக்க வேண்டும். “ஜோரா இருக்கே!” என்றார்.

ஜூலை 9, புதன்

தலைவர் மனைவி வசந்தா வீட்டில் வேஷம் பிரித்தோம். கதை: காபியில் விஷம் வைத்து ரைஸ்மில் முதலாளி கொலை.

கொலைகாரனாக வேண்டும் என்று நாலு பேர் தனித்தனியே வந்து என் காதைக் கடித்தார்கள். மருந்துக்கடை பாலு ஜெயித்தார். “விஷம்னா நம்ம டிபார்ட்மெண்ட்டுங்க” என்றார் ரகசியமாக. அவருக்கு ரைஸ்மில் கணக்கர் வேஷம். கொலைகாரர் அவர்தான் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

செத்தவன் வேஷத்துக்கு ஒருத்தரும் இல்லை. ஆண்கள் தயார்தான், மனைவிமார் விடவில்லை. “எங்க வீட்டுக்காரர மட்டும் படுக்க வைக்காதீங்கக்கா, போன மாசந்தான் ஸ்டென்ட் வச்சிருக்கு.”

அடுத்தது செத்தவன் மனைவி வேஷம். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பாலுவின் மனைவி மீனாதான் வாயைத் திறந்தாள். “அக்கா, அது உங்களுக்கு நல்லா வரும்.”

“அனுபவம் இருக்குல்ல” என்று சிரித்தேன். நான் சிரித்தபிறகு அவர்களும் சிரித்தார்கள். கேசரி நன்றாக இருந்தது. நெய் கொஞ்சம் கஞ்சத்தனம்.

ஜூலை 11, வெள்ளி

செய்தது: பிணத்துக்கு ஒரு திண்டு, ஒரு தலையணை, கயிறு. நூறு போண்டாவுக்கு ஆர்டர்.
செய்யாதது: சாப்பாடு, தூக்கம்.

திண்டுக்குச் சட்டை வேண்டும். உயிரோடு இருக்கிற புருஷன் சட்டையைப் பிணத்துக்குத் தர எந்த வீட்டிலும் மனசில்லை. குற்றம் சொல்ல முடியாது, நானும் தந்திருக்கமாட்டேன். பீரோவைத் திறந்து அவருடைய நீலக் கட்டம்போட்டதை எடுத்தேன். இரண்டாவது பட்டன் இல்லை. தைத்துக் கொடு என்று எத்தனை தடவை கேட்டிருப்பார். இன்று தைத்தேன். திண்டுக்கு.

மாலை வசந்தா போன். “வெள்ளிக்கிழமயும் அதுவுமா அந்த வார்த்தைய சொல்லவேணாம்... நாளைக்கி அதை தெற்க தல வச்சுடாதீங்க.” சரி, திண்டுக்குக் கிழக்கே தலை.

ஜூலை 12, சனி

ஆறு மணிக்கு ஹால் நிறைந்தது. ஏசி ஓடவில்லை. ‘முதலாளி’ நடுவில், வேட்டியும் நீலச் சட்டையுமாய். அவர் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

விசாரணை நடக்க நடக்கப் போண்டா என்பது என் திட்டம். சுடச்சுட வந்தது. ஒரு கை நீளவில்லை. பிறகுதான் உறைத்தது. பிணம் கிடக்கிற இடத்தில் யார் வாயில் வைப்பார்கள்? தலையணைதானே என்றேன். “இருக்கட்டுங்க, எடுத்தப்புறம் சாப்புடுறோம்” என்றார் தலைவர். கடைசியில் இரண்டு பேர் திண்டைத் தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார்கள். பெண்கள் வாசல் குழாயில் கால் கழுவிவிட்டு வந்து ஆறிய போண்டாவை ஒரு பிடி பிடித்தார்கள்.

நான் அழவேண்டிய இடமெல்லாம் ஜோக் அடித்தேன். நல்ல சிரிப்பு.

ஓட்டு. பாலு பாக்கெட்டிலிருந்து விஷப் புட்டியே உருண்டு விழுந்திருந்தது. ஆனாலும் எல்லாச் சீட்டிலும் ‘மனைவி’.

“ஏங்க, நான் என்ன பண்ணேன்?”

வசந்தா சிரித்துக்கொண்டே, “புருஷன் போயிக் கிடக்காரு, நீங்க பாட்டுக்கு சிரிச்சிக்கிட்டே இருந்தீங்களே!”

“அன்னைக்கும் அப்படித்தான இருந்தாங்க” என்றாள் மீனா. “பந்தல்காரன்கிட்டகூட ஜோக் அடிச்சாங்க.”

“மீனா, நீ சும்மா இரு” என்றார் பாலு.

அடித்தேன்தான். பந்தல் சாய்ந்திருக்கிறது, அவர் எழுந்து வந்து திட்டப்போகிறார் என்றேன். அந்தப் பையன் மிரண்டுபோனான். அன்று வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. ஊர்க்கதை எல்லாம் எனக்குத்தான் முதலில் வரும் என்று பெருமையாக இருந்தேன். என்னைப் பற்றின இந்தக் கதை மட்டும் இரண்டு வருஷமாக என் காதுக்கு வரவேயில்லை.

கைதட்டி முடித்துவைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

மேகம். மழை இல்லை. சட்டையைத் துவைக்கவில்லை. நாற்காலியில் கிடக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு வசந்தா. “அக்கா, ஒரு மனசா பாஸ் பண்ணியாச்சு! இனிமே நீங்க மெம்பர். நீங்க இல்லேன்னா நம்ம க்ளப்ல சிரிப்பே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. அடுத்த மாசம் என்ன ப்ரோகிராம்?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்தேன். ஒரு மூச்சு அழுதுவிடலாம் என்று கதவைச் சாத்தப் போனால், எதிர்வீட்டு லதா படியேறி வருகிறாள். “நேத்து எப்படிங்கக்கா போச்சு?”

உட்கார வைத்தேன். திண்டைத் தூக்கிப்போனது, கால் கழுவினது, எல்லாம் நடித்தே காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதையை ஓட்டுப் போட்டது வரைக்கும் கொண்டுபோகவில்லை.