பால்மா டின்னில் சேர்த்த கப்சூல்கள்

அன்பு மகள் பஸ்லியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீயும் மருமகனும் பேத்தி அம்ஹாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். இங்கே நானும் நல்ல சுகம், இடது கையை விட்டுவிட்டுப் பார்த்தால். போனில் வாப்பா சொன்னதை நம்பாதே, அந்த மனிசன் கொஞ்சத்தைக் கூட்டித்தான் சொல்வார். வலது கை சும்மா கிடப்பதால் நானே உள்ளதை எழுதுகிறேன், உன் தம்பி றினாஸ் இதைப் படம் எடுத்து அனுப்புவான்.

பெருநாள் இனிப்புக்குத் தொதல் கிண்டும்போது சட்டி சரிந்து, கொதிக்கிற தொதல் முழங்கை முதல் மணிக்கட்டு வரை அப்பிக்கொண்டது. தொடையில் தோல் எடுத்துக் கையில் ஒட்ட ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். அதற்குள் புண்ணில் சீழ், காய்ச்சல். கிருமி போகாமல் தோல் பிடிக்காதாம், அது இரத்தத்தில் ஏறினால் ஆளுக்கே மோசமாம். இதுக்கு முதல் அன்டிபயோட்டிக் ஏதும் பாவிச்ச நீங்களா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். உன் வாப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா, இவதான் சேர் எங்கட ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் டொக்டர் என்று சொல்லி, மறுநாள் என் பால்மா டின்னையே தூக்கி வந்துவிட்டார். டொக்டர் அதைக் கட்டிலில் கொட்ட, வாட்டே எட்டிப் பார்த்தது. எட்டு வருடச் சேமிப்பு மகள். காய்ச்சல் விட்டதும் மிச்சக் கப்சூலை டின்னில் போடுவேன், பிறகு தடிமனுக்கு இரண்டு, பல்வலிக்கு இரண்டு, பக்கத்து வீட்டு சித்தி லைலாவின் வயிற்றோட்டத்துக்கு இரண்டு. வீண்விரயம் கூடாதே சேர் என்று மார்க்கமும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு என் சீழைச் சோதித்த ரிப்போட்டைக் காட்டினார். எட்டு மருந்தில் ஆறுக்கு என் கிருமி அசையவில்லை. ஆஸ்பத்திரிக் கிருமி ஏற்கெனவே பிடிவாதமாம், அதோடு நாம் அரைகுறையாய்க் குடித்தால் சாகாமல் மிஞ்சுவது மருந்துக்குத் தப்பப் பழகிவிடுமாம். நான் வளர்த்த கோழிகூட என் சொல் கேட்டதில்லை, கிருமி மட்டும் ஒழுங்காகப் பழகியிருக்கிறது.

இப்போது பதினாலு நாள் ஊசி, இன்று ஒன்பதாம் நாள். சம்மாந்துறையிலிருந்து நோய் விசாரிக்க ஒரு வேன் நிறையச் சொந்தம் வந்தது, தாதி மேர்சியா வாசலோடு மறித்துவிட்டா. அதில் வந்த உன் மாமிக்குச் சரியான கோபம். கை கழுவாம வந்து இவவத் தொட்டுட்டுப் போனா அடுத்த கட்டில் புள்ளைக்கும் இந்தக் கிருமி போயிரும் என்று மேர்சியா சொன்ன பிறகுதான் அடங்கினா. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் ஊசி போதும் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

இனி வாப்பாவுக்கும் தெரியாத ஒன்று. போன முறை நீ வந்து திரும்பும்போது, அம்ஹாவுக்குக் காய்ச்சல் வந்தால் உடைத்துப் பாதி கொடு என்று மிளகாய்த்தூள் பக்கட்டோடு என் டின் கப்சூலில் ஒரு பொட்டலம் வைத்துவிட்டேனே, நீயும் ஓம் உம்மா என்றாயே. கொடுத்தாயா என்று கேட்க மூன்று நாளாய்ப் போனை எடுப்பதும் வைப்பதுமாய் இருக்கிறேன் மகள். என் கை எப்படிப் போனாலும் போகட்டும், அது நாலு வயதுப் பிள்ளை. கொடுத்திருந்தால் அங்குள்ள டொக்டரிடம் மறைக்காமல் சொல்லு, மிச்சத்தைப் பார்மசியில் ஒப்படை.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். மருமகனுக்குச் சலாம் சொல்லு. இதைப் படித்ததும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணிப் பார், நான் வைத்தது பன்னிரண்டு.

உன் உம்மா,
சரீபா ஜெமீல்
கல்முனை